வெள்ளிக்கிழமை டியூட்டி

அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஸ்டோர்கீப்பர்’ என்பார். எனக்கு மட்டும் இழைத்த அநீதி என்று நினைக்க வேண்டாம். குழாய் சரிபார்க்க வருபவர் ‘பிளம்பர்’, மருந்துக்கடைக்காரர் ‘மாத்திரை’, லண்டனில் இருந்த அவருடைய சொந்தத் தம்பி மகன்கூட ‘டாக்டர்’தான். பெயர் என்பது அப்பா அம்மா ஆசைப்பட்டு வைத்தது, வேலை ஒன்றுதான் அவனவன் தேடிக்கொண்டது என்பது அவர் கட்சி. இதற்குப் பழிவாங்கும் விதமாக நானும் அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என்னால் வாங்க முடிந்த பழி இவ்வளவுதான்.

பஹ்ரைனில் ஏ.சி. உதிரிபாகங்கள் விற்கும் கம்பெனியொன்றில் நான் பல வருடங்களாக ஸ்டோர்கீப்பராக இருந்தேன். எம்.ஏ. வரலாறு படித்திருந்தேன் என்பது கம்பெனிக்கும் தெரியாது, வரலாற்றுக்கும் தெரியாது. முதலாளிக்கு வயது ஏற ஏறப் பழைய பொருட்கள் மேல் பிரியம் வந்தது. மனாமா கடைத்தெருவை ஒட்டித் தன் முன்னோர் கட்டிய வீட்டைச் செப்பனிட்டுச் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் ஆக்கினார். பொருளை எண்ணி வைக்கவும், எண்ணியதை எழுதி வைக்கவும் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்றபோது கம்ப்ரஸர் எண்ணிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். விசிட்டிங் கார்டில் ‘ரெஜிஸ்ட்ரார்’ என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ஊரில் என் மாமனார் அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வெளிநாட்டில் பத்திரப்பதிவு ஆபீஸ் நடத்துகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் வில்லங்கச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் போட்டார்கள்.

அருங்காட்சியகத்தின் முதல் அறையில் பழைய கடைத்தெருவின் வணிகக் குடும்பங்களுக்கு ஒரு வரிசை. முத்து வியாபாரியின் தராசு, பாரசீகக் கரையிலிருந்து வந்தவர்களின் கம்பளம், குஜராத்திச் சேட்டின் தேக்குப்பெட்டி. நான்காவது கண்ணாடிப்பெட்டி காலியாக இருந்தது. யூதக் குடும்பங்களுக்கு என்று முதலாளி ஒதுக்கியது. அவர்கள் எப்போதுமே கொஞ்சம் பேர்தான், இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் ஜவுளிக்கடை வரிசையே அவர்களுடையதாக இருந்த காலம் ஒன்று உண்டு. முதலாளியின் அப்பா கடைக்கு அடுத்த கடை, என்னை ‘ஸ்டோர்கீப்பர்’ என்று கூப்பிடுகிறவருடைய அப்பாவுடையது. “அந்தப் பெட்டி காலியா இருந்தா என் கடைத்தெரு பொய்” என்று முதலாளி சொல்லி, அவரிடம் போய் ஏதாவது ஒரு பொருள் கேட்டு வா என்று என்னை அனுப்பினார். தானே போயிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. சின்ன வயதில் அந்தக் கடைக்கு விளையாடப் போனபோதெல்லாம் அவர் தன்னை நூல்கண்டு பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார் என்றும், இன்னும் அந்தப் பயம் போகவில்லை என்றும் பிறகு ஒருநாள் முதலாளி சொன்னார்.

பயத்தின் நியாயம் எனக்கு மூன்று நிமிடத்தில் விளங்கியது. கதவைத் திறந்தவர் எழுபதைத் தாண்டிய, குட்டையான, கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்ட பெண்மணி. என்னை மேலும் கீழும் பார்த்தார். உட்காரச் சொன்னார். என் மடியில் ஒரு தட்டு பேரீச்சம்பழத்தை வைத்து, கொட்டை எடு என்றார். எதிரே பேங்கிலிருந்து கையெழுத்து வாங்க வந்திருந்த இளைஞர் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு ஒரு மேஜைவிரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்தபடி நின்றிருந்தார். மற்ற இரண்டு மூலைகள் பெண்மணியின் கையில். நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் விரிப்பு மடிந்துவிட்டது, கையெழுத்து ஆகிவிட்டது, நான் நாற்பது கொட்டை எடுத்திருந்தேன்.

அவர் வீட்டில் எவரும் சும்மா இருந்ததில்லை. சும்மா இருப்பதை ஒரு நோயாகவே அவர் கருதினார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உட்கார்ந்தே செய்கிற வேலை தருகிறேன் என்று பொத்தான் டப்பாவைக் கொடுத்து நிறம் பிரிக்கச் சொன்னார். இந்தி பேசுவார், நல்ல பம்பாய் இந்தி. அங்கே பைகுல்லாவில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தவர். அதில் அரபி சேரும், கோபம் வந்தால் கொஞ்சம் இங்கிலீஷும். எல்லாவற்றிலும் அதிகம் புழங்கிய சொல் ‘டியூட்டி’தான். நாற்காலிக்கு டியூட்டி உண்டு, பூந்தொட்டிக்கு உண்டு. பழைய செருப்பு ஒன்று பால்கனிக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கும் டியூட்டியில் இருந்தது.

அருங்காட்சியகத்தைப் பார்க்க முதல்முறை அவரை அழைத்துப்போனது என் வாழ்வின் சங்கடமான காலைகளில் ஒன்று. தராசின் முன்னால் நின்று, இதில் இப்போது யார் என்ன நிறுக்கிறார்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். தேக்குப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றார். ஒன்றுமில்லை. காபி உரலில்? ஒன்றுமில்லை. அறை நடுவில் நின்று, ஆஸ்பத்திரி வார்டைப் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

“பாவம், எல்லாரையும் சம்பளமில்லாத லீவுல போட்டுட்டீங்க” என்றார்.

இப்படிப்பட்டவர் ஒரு பொருளைத் தந்ததே பெரிது. தந்தது ஒரு தொங்கு விளக்கு. கவிழ்த்த மணிபோல ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதைத் தாங்க ஒரு வெள்ளி வளையம், மூன்று சங்கிலிகள். ஈராக்கின் பாஸ்ராவிலிருந்து அவர் அப்பாவின் குடும்பம் கப்பலேறியபோது உடையாமலிருக்க மாவுமூட்டைக்குள் புதைத்துக் கொண்டுவந்ததாம். அந்த மாவில்தான் வந்து இறங்கிய முதல் வாரம் ரொட்டி சுட்டார்கள், அதாவது பாதுகாப்புக்கு வந்த மாவும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் கிண்ணத்தில் பாதி தண்ணீர், அதன்மேல் எண்ணெய், எண்ணெயில் மிதக்கும் திரிகள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், அது வெள்ளி மாலையே தொடங்கும், விளக்கு ஏற்றினால் அது வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தந்தார், ஒரு நிபந்தனையோடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் விளக்கு வீட்டுக்கு வர வேண்டும். சனிக்கிழமை இருட்டிய பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வார விடுமுறை வியாழன்–வெள்ளியிலிருந்து வெள்ளி–சனிக்கு மாறியிருந்த சமயம் அது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடல், ஆகவே தொந்தரவில்லை. சனிக்கிழமை மட்டும் நான்காவது பெட்டியில் வெறும் கொக்கி தொங்கும். முதலாளி ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை கூட்டம் வராது என்று தைரியம் சொன்னேன். மற்ற நாளும் வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

அப்படித்தான் வரலாறு படித்தவனுக்கு வாரம்தோறும் விளக்கு தூக்கும் வேலை வாய்த்தது. கம்ப்ரஸர் வந்த அட்டைப்பெட்டி, உள்ளே பஞ்சு, அதற்குள் விளக்கு, பெட்டியை என் பழைய கொரோலாவின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போடுவேன். நாங்கள் குடியிருந்த ஈசா டவுனில் என் மனைவி பால்கனியில் நின்று இதைப் பார்த்தாள்.

“நம்ம வீட்லயும் ஒரு விளக்கு இருக்கு. அதுக்குத் திரி போட்டு வைங்கன்னா இடுப்பு புடிச்சிக்கிது. ஊரார் வீட்டு விளக்குக்கு மட்டும் பெல்ட்டு போட்டு ஊர்வலம்” என்றாள். வெள்ளிக்கிழமை என்றால் மனாமாவின் கோயில் சந்துக்குத் தன்னைக் கூட்டிப்போகும் நாள் என்ற வருத்தம் அதில் இருந்தது. பிறகு ஒரு சமரசம் ஏற்பட்டது. முதலில் கோயில் சந்து, அங்கே எங்களுக்கும் ஆன்ட்டிக்கும் (அவரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன்) சேர்த்துப் பஞ்சுத்திரியும் நல்லெண்ணெயும் வாங்குவது, பிறகு விளக்கு. அந்த நல்லெண்ணெய்ப் பாட்டிலை முதல் தடவை திறந்து மோந்து பார்த்தவர், அப்பா இருந்தவரை வீட்டில் எள் எண்ணெய்தான் எரித்தோம், பிறகு சோம்பல்பட்டுக் கடையில் கிடைத்ததை ஊற்றினோம் என்றார். பாட்டிலை மூடாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் எனக்கு வேலை எதுவும் சொல்லவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அதே எண்ணெயால்தான் எனக்கு மானம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். விளக்கு ஏற்றியாகிவிட்டது. கையால் முகத்தை மறைத்துக்கொண்டு முணுமுணுப்பாகப் பிரார்த்தனையைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். நான் மேஜையில் தனியாக இருந்தேன். விளக்கில் ஒரு திரி சடசடவென்று பொரிந்தது. அன்று ஊற்றியது கொஞ்சம்தான், எண்ணெய் தீர்ந்து திரி தண்ணீரைத் தொடுகிறது. எங்கள் ஊரில் ஆள் இருக்கும்போது விளக்கு தானாக அணைவது என்றால் வீட்டில் யாருக்கோ ஆகாது. அந்தப் படிப்பு எம்.ஏ.வுக்கு முந்தையது. மூளை யோசிப்பதற்கு முன் கை பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டது. சுடர் நிமிர்ந்து நின்றது. நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சோற்றுத்தட்டோடு வந்தவர் அப்படியே நின்றார்.

“என்ன பண்ணின?”

“அணையப் போச்சு ஆன்ட்டி. எங்க ஊர்ல விளக்கு தானா அணையக் கூடாது.”

“எங்க வீட்ல தானாத்தான் அணையணும்.”

தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். ஏற்றியபிறகு யாரும் அதைத் தொடுவதில்லை, கூட்டுவதில்லை, குறைப்பதில்லை என்று சொன்னார். “வாரம் முழுக்க எல்லாருக்கும் நான் டியூட்டி போடுறேன். இந்த ஒரு நாள் மேலே இருக்கறவன் எனக்கு லீவு போட்டுட்டான். விளக்குக்கும் அது முடிஞ்சா முடிஞ்சது, கலாஸ். நீ அதை ஓவர்டைம் பார்க்க வெச்சுட்டே.”

மறுநாள் மாலை விளக்கை எடுக்கப் போனபோதுதான் நான் அதுவரை கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன். சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, வேலை இல்லாமல், பூனைக்குட்டிகள் தூங்குவதுபோல் கிடந்தன. முதல் நட்சத்திரம் தெரிகிறதா, ஓய்வுநாள் முடிந்ததா பார் என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்ப உட்காரு என்றார். உட்கார்ந்தேன். மடியில் தட்டு வரவில்லை. இருவரும் பத்து நிமிடம் சும்மா இருந்தோம். அவர் மதத்தின் மற்ற விதிகளில் அவ்வளவு கறாரானவர் அல்ல. டி.வி. பார்ப்பார், கூப்பிட்டால் சனிக்கிழமைகூடக் காரில் ஏறிவிடுவார். ஆனால் கை மட்டும் வேலை செய்யாது.

வேறு விளக்கு ஏற்றினால் என்ன, மெழுகுவத்தி போதாதா என்று ஒருமுறை கேட்டேன். அருங்காட்சியகத்தில் கொக்கி பொருத்துவதற்காக விளக்கை முதல் வாரம் விட்டுவைத்தபோது அவர் டீ கிளாஸில் எண்ணெய் ஊற்றி ஏற்றிப் பார்த்தாராம். ஏற்றினார், சொல்லவேண்டியதைச் சொன்னார், உட்கார்ந்தார். கை எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவியது. மறுபடி உட்கார வைத்தால் திரைச்சீலைக்கு ஓரம் அடித்தது. “இந்தக் கைக்கு அந்த விளக்கைத்தான் தெரியும். அது சொன்னாத்தான் நிறுத்தும்” என்றார். அந்த வாரம் தனக்கு சனிக்கிழமையே வரவில்லை என்று, வராத சம்பளத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

இனி என் திறமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளக்கு போகும்போதும் வரும்போதும் அதன் நிலையைப் படிவத்தில் குறிப்பது ரெஜிஸ்ட்ராரின் கடமை. கீறல் உண்டா, சில்லு பெயர்ந்ததா, சங்கிலி இருக்கிறதா. நான் சிரத்தையாக எழுதிவந்தேன். இந்தச் சமயத்தில் கண்ணாடிப்பெட்டிகளை இறுதியாக மூடி முத்திரையிட ஆலோசகர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தார். மெலிந்த, மென்மையாகப் பேசும் பெண்மணி. என் படிவங்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். மூன்று வாரமாக நான் இப்படி எழுதியிருந்தேன்: ‘கிண்ணத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருக்கிறது. துடைத்தும் போகவில்லை.’ அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அது முடி இல்லை, விரிசல்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். விரிசல் எண்ணெய்ச் சூட்டிலோ கார் குலுங்கலிலோ வந்திருக்கும், இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை தாங்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே ஒன்று, விளக்கு பெட்டிக்குள் நிரந்தரமாக இருக்கட்டும், அல்லது வீட்டிலேயே இருக்கட்டும், போக்குவரத்து கூடாது என்று எழுதிக்கொடுத்தார். வியாழக்கிழமை பெட்டிகளை மூடுகிறார்கள். முதலாளி விளக்கு பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்றார். அதில் தப்பென்று சொல்ல முடியாது. சம்மதப் பத்திரத்தைத் தயார் செய்து, வழக்கம்போல் தான் போகாமல் என்னை அனுப்பினார்.

பத்திரத்தை ஆன்ட்டி இரண்டுமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். வீடியோ எடுத்துப் பெட்டியில் ஓடவிடலாம், இதேமாதிரி ஒரு நகல் செய்து அங்கே மாட்டிவிடலாம் என்றெல்லாம் நான் அளந்தேன்.

“நகலுக்கு யார் எண்ணெய் ஊத்துவா?” என்றார்.

அவர் மேஜையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “அந்த வரிசையில விளக்கு இல்லைன்னா, உன் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வர்ற பிள்ளைங்க முத்துத் தராசைப் பார்ப்பாங்க, பெட்டியைப் பார்ப்பாங்க, போயிடுவாங்க. நாங்க இங்க இருந்ததே தெரியாது. விளக்கு அங்கயே இருந்தா…” கையிலிருந்த துணியைப் பார்த்தார். “இதை எப்ப கீழே வைக்கறது?”

பத்திரத்தில் கையெழுத்து ஆகவில்லை. அவர் வீட்டிலிருந்து எந்த வேலையும் செய்யாமல் ஒரு சாதாரண நாளில் நான் வெளியே வந்தது அன்றுதான். இரவு சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவினேன். மனைவி காரணம் கேட்டாள். சொன்னேன். “அந்தம்மா வீட்லயே இருக்கட்டும்னு சொல்லுங்க. நீங்கதான் எழுதறவராச்சே, அந்தப் பெட்டியில எதையாவது எழுதி வைங்க” என்றாள். என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எம்.ஏ. மறுபடியும் கைவிட்டது.

புதன்கிழமை காலை அவரே டாக்ஸியில் வந்து இறங்கினார். அன்று அறையின் எதிர்ச்சுவரில் ஒரு பெரிய ஓவியத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய கடைத்தெருவின் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து இளம் பஹ்ரைனி ஓவியர் ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. கழுதை வண்டி, மீன்கூடை, தலையில் மூட்டையோடு கூலியாட்கள், நெரிசல். ஆன்ட்டி விளக்கின் பக்கம் போகாமல் நேராக ஓவியத்துக்குப் போனார். விரலை ஓவியத்தில் படாமல் நகர்த்திக் கடைகளை எண்ணினார். காபிக்கடை, முதலாளியின் அப்பா கடை, அடுத்து… விரல் நின்றது. அங்கே வரைந்திருந்தது மூடிய மரக்கதவு. அதற்கடுத்தும் மூடிய கதவு. ஆறு கடை வரிசையாக மூடிக்கிடந்தது.

ஓவியருக்கு முகம் வாடிவிட்டது. அந்தக் கடைகளைத் திறந்து வரைய ஆசைதான், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாததால் புகைப்படத்தில் இருந்தபடி விட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நானும் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். ஆன்ட்டி கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார்.

“நல்ல வெயில். தெரு முழுக்கக் கூட்டம். ஆறு கடை மட்டும் மூடியிருக்கு.” எங்களைத் திரும்பிப் பார்த்தார். “போட்டோ எடுத்தவன் சனிக்கிழமை வந்திருக்கான்.”

அவர் மூடிய கதவுக்கு மிக அருகில் போய், உள்ளே யாரோ தூங்குவதுபோல் மெதுவாக, அப்பா வீட்டில் இருக்கிறார், மேஜையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார். இந்தத் தெருவில் எத்தனையோ பேர் துணி விற்றார்கள், அப்பா யார் என்று இந்தக் கதவைப்போல வேறு எதுவும் சொல்லாது என்றார். ஓவியரின் கன்னத்தைத் தட்டினார். இதில் ஒரு புள்ளிகூட மாற்றாதே என்று கட்டளையிட்டார்.

பிறகு நான்காவது பெட்டிக்கு வந்தார். “விளக்கை இறக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். கொக்கி அப்படியே இருக்கட்டும்.”

முதலாளி வெறும் கொக்கிக்குச் சம்மதிக்க மாட்டார் என்றேன். வெறும் கொக்கியைப் பார்க்கிறவன் என்ன கேட்பான் என்று என்னைக் கேட்டார். இங்கே என்ன இருந்தது என்று கேட்பான் என்றேன். “கேக்கட்டும். பதில் சொல்ல ஞாயித்துக்கிழமை நான் வந்து உட்காருறேன். யல்லா, ஃபார்ம் எடு.”

என்ன ஃபார்ம் என்று கேட்டேன். விளக்கைத் தந்தபோது நிரப்பியதுதான், இப்போது வேறு பொருள் தருகிறேன், எழுது என்றார். நான் எழுதினேன். வேலை போனால் மறுபடி கம்ப்ரஸர் இருக்கிறது என்ற தைரியம்.

பொருள்: பெண்மணி ஒருவர். கிடைத்த இடம்: பாஸ்ரா வழி மனாமா, நடுவில் சில வருடம் பம்பாய். செய்பொருள் என்ற இடத்தில், எலும்பு, ஒரு தங்கப்பல் என்றார். சேதம்: இடது முழங்கால். விரிசல் உண்டா என்று படிவம் கேட்டது. தேடாதே, தேடினால் முடி என்று எழுதுவாய் என்றார். என் மூன்று வாரக் குறிப்பு அவர் காதுவரை போயிருந்தது. கடன் காலம்: ஞாயிறுதோறும் பத்து மணி முதல் ஒரு மணி வரை. நிபந்தனைகள்: கண்ணாடிக்குள் வைக்கக் கூடாது. டீ தர வேண்டும். வெள்ளி, சனி கிடையாது. மதிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். விளக்கை மடியில் வைத்துக்கொண்டு அதே டாக்ஸியில் போய்விட்டார். அட்டைப்பெட்டி வேண்டாம் என்றார்.

படிவத்தை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு நடந்தபோது, இதை என்ன முகத்தோடு நீட்டுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஆலோசகரும் உள்ளே இருந்தார். முதலாளி முதலில் நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தார். நிபந்தனைகளில் விரலை வைத்து நிறுத்தினார். விளக்கு எங்கே என்றார். வீட்டுக்குப் போய்விட்டது, நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை என்றேன். ஆலோசகர் எட்டிப் பார்த்து, விதிப்படி உயிருள்ள பொருளைப் பதிவு செய்யக் கூடாது என்று மெல்லச் சொன்னார்.

முதலாளி எழுந்துபோய் முதல் அறையின் வாசலில் நின்று ஓவியத்தையும் கொக்கியையும் பார்த்தார். அவருடைய அப்பா கடையும் அதில் இருந்தது, திறந்து, கூட்டத்தோடு. பக்கத்துக் கதவு மூடியிருந்தது. சனிக்கிழமைகளில் அந்தக் கடை வாசலில் நிழலில் உட்கார்ந்துதான் நாங்கள் கோலி விளையாடுவோம், அன்றைக்கு மட்டும் யாரும் நூல்கண்டு கொடுக்க மாட்டார்கள் என்று, என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாமல் சொன்னார்.

திரும்பி வந்து பேனாவைத் திறந்தார்.

“ஞாயித்துக்கிழமை எப்படி வருவாங்க?”

“டாக்ஸின்னு நினைக்கிறேன்.”

“இவ்வளவு பழைய பொருளை டாக்ஸியிலயா கொண்டு வருவே?” என்று என்னை முறைத்தார். குறிப்பு என்ற கட்டத்தில் அரபியில் நிதானமாக எழுதினார்: போக, வர கம்பெனி கார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஒருகணம் நிறுத்தி, அடியில் இன்னொரு வரி சேர்த்தார். முதல் ஞாயிறு நானே ஓட்டுகிறேன்.